பாட்டிலுக்குள் நத்தை... காசே கொடுக்காமல் கேஸ் போட்டு சட்டத்தை மாற்றிய மே டொனஹியூ யார்?

நண்பர் ஒருவர் காசு கொடுத்து கூல்டிரிங்க்ஸ் வாங்கித் தருகிறார். பாதி குடித்த பிறகுதான் பாட்டிலுக்குள் ஏதோ செத்துக் கிடப்பது தெரிகிறது. வயிறு கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகிவிடுகிறது. வாங்கியது நண்பர், குடித்தது நீங்கள். அந்தக் கம்பெனி மீது நீங்கள் கேஸ் போட முடியுமா?

முடியும். இன்று இதில் யாருக்கும் பெரிய சந்தேகம் வராது. ஆனால், 1932 மே 26-ம் தேதிக்கு முன்பு பிரிட்டனில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், பெரும்பாலான வக்கீல்கள் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். காசு கொடுக்காதவருக்கு என்ன உரிமை என்பதுதான் அன்றைய சட்டத்தின் நிலை.

அந்த நிலையை மாற்றியது நாடாளுமன்றம் அல்ல, பெரிய போராட்டமும் அல்ல. கிளாஸ்கோவில் கடையில் வேலை பார்த்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் போட்ட வழக்கு. அவர் பெயர் மே டொனஹியூ.

யார் இந்த மே?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கேம்பஸ்லாங் என்ற ஊரில் 1898 ஜூலை 4-ம் தேதி பிறந்தவர் மே மெக்காலிஸ்டர். அப்பா இரும்பு ஆலைத் தொழிலாளி. வசதி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத குடும்பம்.

1916-ல், 17 வயதிலேயே ஹென்றி டொனஹியூ என்பவருடன் கல்யாணம் ஆனது. நான்கு குழந்தைகள் பிறந்தன. அதில் மூன்று, பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிட்டன. மிஞ்சியது ஒரு மகன் மட்டும். 1928-ல் கணவரைப் பிரிந்து, கிளாஸ்கோவில் தன் சகோதரர் வீட்டில் தங்கினார் மே. அப்போது அவருக்கு வயது 30.

சட்டக் கல்லூரி மாணவர்கள் உலகம் முழுக்கப் படிக்கும் வழக்குக்குச் சொந்தக்காரர் இவர்தான் என்றாலும், அந்தப் பாடப் புத்தகங்களில் இவ்வளவு விவரம்கூட பெரும்பாலும் இருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது?

1928 ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை. மே பக்கத்து ஊரான பெய்ஸ்லிக்குப் போகிறார். அங்கே வெல்மெடோ கஃபே என்ற கடையில் ஒரு தோழியுடன் உட்காருகிறார். கடையை நடத்தியவர் பிரான்சிஸ் மிங்கெல்லா.

ஆர்டர் கொடுத்தது தோழி, காசு கொடுத்ததும் தோழி. மே-க்கு வந்தது ஐஸ்கிரீம் மேல் ஜிஞ்சர் பீர் ஊற்றிக் குடிக்கும் ஒரு பானம். பெயரில் பீர் இருந்தாலும், இது இஞ்சி சேர்த்த சோடா மாதிரியான குளிர்பானம்தான்.

கடைக்காரர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றினார். மே குடித்தார். மிச்சத்தைத் தோழி கிளாஸில் கவிழ்த்தபோது, அழுகிப்போன நத்தை ஒன்றும் சேர்ந்து விழுந்தது என்பதுதான் மே-யின் புகார். பாட்டில் கருநிறக் கண்ணாடி. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பார்த்த அதிர்ச்சி ஒரு பக்கம், வயிற்று வலி இன்னொரு பக்கம். மூன்று நாள் கழித்து டாக்டரிடம் போனார். செப்டம்பர் மாதம் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். கடுமையான இரைப்பை, குடல் அழற்சி என்று வழக்கு ஆவணங்கள் சொல்கின்றன.

பாட்டில் மேல் தயாரிப்பாளரின் பெயர் இருந்தது: டேவிட் ஸ்டீவன்சன், கிளென் லேன், பெய்ஸ்லி. அதே ஊர்க்காரர்தான்.

கேஸ் போடுவதில் என்ன சிக்கல்?

அன்றைய சட்டம் முதலில் கேட்டது ஒப்பந்தத்தைத்தான். காசு கொடுத்துப் பொருள் வாங்கினால், வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே ஒரு ஒப்பந்தம் உருவாகிறது. பொருள் மோசம் என்றால், அந்த ஒப்பந்தத்தை வைத்து இழப்பீடு கேட்கலாம்.

இந்தக் கணக்கை மே-யின் விஷயத்தில் போட்டுப் பார்த்தால் விநோதமான விடை வரும். கடைக்காரருடன் ஒப்பந்தம் வைத்திருந்தது தோழி. ஆனால், தோழிக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டீவன்சனிடம் சரக்கு வாங்கியது கடைக்காரர். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தது மே. அவருக்கு யாருடனும் ஒப்பந்தமே இல்லை.

1842-ல் இங்கிலாந்தில் வந்த வின்டர்பாட்டம் வழக்கின் தீர்ப்பு இந்த விஷயத்தில் நீண்ட காலம் குறுக்கே நின்றது. தபால் வண்டி உடைந்து அதன் ஓட்டுநர் காயமடைந்தார். வண்டியைப் பராமரிக்க ஒப்புக்கொண்டவர் ஒருவர். அவர் ஒப்பந்தம் போட்டது தபால் துறையுடன், ஓட்டுநருடன் அல்ல. அதனால் ஓட்டுநர் வழக்கு போட முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஒருவரை அனுமதித்தால், ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லாம் கேஸோடு வந்து நிற்பார்கள் என்பது நீதிபதிகளின் பயம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. துப்பாக்கி, வெடிமருந்து, விஷம் மாதிரி இயல்பிலேயே ஆபத்தான பொருளாக இருக்க வேண்டும். அல்லது குறை இருப்பது தெரிந்தும் மறைத்து விற்றிருக்க வேண்டும். ஜிஞ்சர் பீர் இந்த இரண்டிலும் வராது.

எலி வழக்கில் தோற்ற வக்கீல்

மே தேடிப் போன வக்கீல் வால்டர் லீச்மேன். கிளாஸ்கோவைச் சேர்ந்தவர். அவர் அப்போதுதான் இதே மாதிரி ஒரு வழக்கை நடத்திக்கொண்டிருந்தார். அதில் ஜிஞ்சர் பீர் பாட்டிலில் கிடந்தது செத்த எலி, தயாரிப்பாளர் பார் என்ற நிறுவனம். 1929 மார்ச் 20-ம் தேதி அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது. லீச்மேன் தரப்பு தோற்றுப்போனது.

வேறு ஆளாக இருந்தால் இந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பார். லீச்மேன் மூன்று வாரம்கூடப் பொறுக்கவில்லை. 1929 ஏப்ரல் 9-ம் தேதி, மே சார்பில் ஸ்டீவன்சன் மீது வழக்கு போட்டார். கேட்ட இழப்பீடு 500 பவுண்டு.

ஸ்டீவன்சனின் தொழிற்கூடத்தில் கழுவிய பாட்டில்களை நத்தைகள் எளிதாக வந்துபோகிற இடத்தில் வைத்திருந்தார்கள், நிரப்புவதற்கு முன் சரியாகப் பரிசோதிக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. ஸ்டீவன்சன் எல்லாவற்றையும் மறுத்தார். அதோடு ஒரு சட்டக் கேள்வியையும் எழுப்பினார். மே சொல்வது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், தனக்கும் அவருக்கும் சட்டப்படி என்ன சம்பந்தம்?

நத்தை இருந்ததா இல்லையா என்ற விசாரணைக்கு முன்பே, இந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்பட்டது. வழக்கு முழுக்க இதைச் சுற்றியேதான் நடந்தது.

நடுவில் கடைக்காரர் மிங்கெல்லாவையும் வழக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். அவருடனும் மே-க்கு ஒப்பந்தம் இல்லை, மூடிய பாட்டிலை அவர் சோதித்துப் பார்த்திருக்கவும் முடியாது. அதனால் அவரை விலக்க வேண்டியதாயிற்று. அதற்கான செலவுத் தொகையும் மே தலையிலேயே விழுந்தது.

எடின்பரோவில் ஜெயித்தார், தோற்றார்

எடின்பரோ நீதிமன்றத்தில் முதலில் வழக்கைக் கேட்ட நீதிபதி மான்கிரீஃப், 1930 ஜூன் 27-ம் தேதி மே-க்குச் சாதகமாகச் சொன்னார். உணவுப் பொருளைத் தயாரித்து விற்பவருக்கு அதைச் சாப்பிடுகிறவர் மேல் பொறுப்பு உண்டு என்பது அவர் முடிவு.

ஸ்டீவன்சன் அப்பீல் போனார். அப்பீலைக் கேட்டது எலி வழக்கைத் தள்ளுபடி செய்த அதே நீதிபதிகள். 1930 நவம்பர் 13-ம் தேதி முடிவு தலைகீழானது. எலிக்குச் சொன்னதுதான் நத்தைக்கும் என்றார்கள். ஒரே ஒரு நீதிபதி மட்டும், எலி வழக்கில் மாறுபட்டது போலவே, இதிலும் மாறுபட்டார்.

இனி மிச்சம் இருந்தது லண்டன். பிரிட்டனின் உச்ச அப்பீல் நீதிமன்றமாக அன்று இருந்தது நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை.

ஏழை என்று எழுதிக் கொடுத்தார்

பிரபுக்கள் சபைக்குப் போவது என்றால் சும்மா இல்லை. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவுக்கு என்று முன்கூட்டியே பிணையம் கட்ட வேண்டும். கடையில் வேலை பார்ப்பவருக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

இதற்கு ஒரு வழி இருந்தது. வழக்கு நடத்தப் பணமே இல்லாத பரம ஏழை என்று சபையிடம் விண்ணப்பித்து ஏற்றுக்கொள்ளப்பட்டால், பிணையம் கட்ட வேண்டாம். மே அதைச் செய்தார். தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஐந்து பவுண்டு தேறாது என்று உறுதிமொழி கொடுத்தார். அவருடைய சர்ச் போதகரும் மூப்பர்கள் இரண்டு பேரும் அது உண்மைதான் என்று சான்று தந்தார்கள். அவருக்காக வாதாடிய வக்கீல்கள் பீஸ் வாங்காமல் வாதாடினார்கள்.

இதற்கு மே கொடுத்த விலை ஒன்று உண்டு. வழக்கின் அதிகாரபூர்வ தலைப்பிலேயே அவர் பெயருக்குப் பக்கத்தில் பரம ஏழை என்ற சொல் அச்சாகிவிட்டது. இன்று வரை சட்ட அறிக்கைகளில் அது அப்படியேதான் இருக்கிறது.

மூன்றுக்கு இரண்டு

1931 டிசம்பரில் இரண்டு நாள் வாதம் நடந்தது. ஐந்து நீதிபதிகள் கேட்டார்கள். 1932 மே 26-ம் தேதி தீர்ப்பு வந்தது. அட்கின், தாங்கர்டன், மேக்மில்லன் மூவரும் மே பக்கம். பக்மாஸ்டரும் டாம்லினும் எதிர்ப்பக்கம். ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதையே வேறு.

எதிர்த்த இருவரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. இதை அனுமதித்தால், விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் யாருக்கெல்லாம் பொறுப்பேற்க வேண்டும் என்ற எல்லை எங்கே நிற்கும் என்பது அவர்கள் கேள்வி. 1842-ல் இருந்த அதே பயம்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தந்ததால்தான் அட்கின் எழுதிய தீர்ப்பு பேர் வாங்கியது. அவர் பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதையில் கேட்கப்படும் கேள்வியை எடுத்துக்கொண்டார்: யார் எனக்கு அயலார்? சட்டத்தின் கண்ணில் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் அயலார் அல்ல என்பது அவர் விளக்கம். நாம் செய்வதாலோ செய்யத் தவறுவதாலோ யாருக்கு நேரடியாகப் பாதிப்பு வரும் என்று நியாயமாக முன்கூட்டியே யோசிக்க முடியுமோ, அவர்கள் எல்லாருமே அயலார்தான். அவர்கள் விஷயத்தில் கவனமாக இருப்பது கடமை. ஊரில் எல்லார் மேலும் அல்ல, யோசித்திருக்க வேண்டியவர்கள் மேல் மட்டும். எல்லை அங்கேதான் நிற்கும்.

பாட்டிலுக்கு இது எப்படிப் பொருந்தும்? ஸ்டீவன்சன் மூடி போட்டு அனுப்பும் பாட்டில், நடுவில் யாரும் திறந்து பார்க்காமல் நேராகக் குடிப்பவர் கைக்குத்தான் போகும். அது அவருக்கே தெரியும். அப்படியானால் குடிக்கப்போகிறவரை நினைத்துத்தான் அவர் பாட்டிலை நிரப்ப வேண்டும். காசு கொடுத்தது யார் என்பது இங்கே கேள்வியே இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கருத்து ஏற்கெனவே வந்திருந்தது. 1916-ல் நியூயார்க் நீதிமன்றம், காரின் சக்கரம் நொறுங்கிக் காயமடைந்தவர் காரை விற்ற ஏஜென்ட்டைத் தாண்டி ப்யூக் கம்பெனி மீதே வழக்கு போடலாம் என்று சொல்லியிருந்தது. அட்கின் அதையும் தன் தீர்ப்பில் சேர்த்துக்கொண்டார்.

சரி, மே-க்கு என்ன கிடைத்தது?

பலர் தவறாக நினைக்கும் இடம் இது. நத்தை இருந்தது நிரூபணமானது, மே-க்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி பிரபுக்கள் சபை உத்தரவிட்டது என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அப்படி நடக்கவில்லை.

மே சொல்வது உண்மையானால் அவருக்கு வழக்கு போட உரிமை உண்டு என்பது மட்டும்தான் தீர்ப்பு. உண்மையா என்று சாட்சிகளை வைத்து விசாரிக்க வழக்கு எடின்பரோவுக்குத் திரும்பியது. ஆனால் 1932 நவம்பரில் ஸ்டீவன்சன் இறந்துவிட்டார். அவருடைய சொத்துகளை நிர்வகித்தவர்கள் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். மே-க்குக் கொடுத்தது 200 பவுண்டு என்று லீச்மேனின் மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்டதில் பாதிகூட இல்லை.

அதனால், அந்தப் பாட்டிலில் நிஜமாகவே நத்தை இருந்ததா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரித்ததில்லை. தோழி சாட்சி சொல்லவும் இல்லை. உலகின் பிரபல நத்தை, கோர்ட்டில் ஒருமுறைகூட நிரூபிக்கப்படாத நத்தை.

அதற்குப் பிறகு மே-யின் வாழ்க்கையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. கிளாஸ்கோவிலேயே இருந்தார், கடை வேலைதான் பார்த்தார். 1945-ல் விவாகரத்துக்கு நடவடிக்கை எடுத்தார். கடைசிக் காலத்தில் டொனஹியூ என்ற பெயரையே அவர் பயன்படுத்தவில்லை. தாயின் குடும்பப் பெயரைச் சேர்த்து மேபல் ஹானா என்று வைத்துக்கொண்டார். 1958 மார்ச் 19-ம் தேதி, கார்ட்லாக் மனநல மருத்துவமனையில் மாரடைப்பால் இறந்தார். வயது 59.

இந்தியாவில் இன்று என்ன நிலை?

பிரிட்டிஷ் காலத்தில் வந்த பொதுச் சட்டத்தின் வழியாக, அயலார் கோட்பாடு இந்திய நீதிமன்றங்களுக்கும் வந்தது. அலட்சியத்தால் வரும் பாதிப்பு பற்றிய வழக்குகளில் மே-யின் வழக்கு இங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. இப்போது அதைவிட நேரான வழி ஒன்றும் இருக்கிறது: 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மே-யின் பிரச்சினைகளை ஒவ்வொன்றாக இதில் வைத்துப் பார்க்கலாம்.

காசு கொடுத்தது நண்பர் என்றால்? பிரச்சினை இல்லை. பொருளை வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்துடன் அதைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் 2(7)-வது பிரிவு சொல்கிறது. 1986-ம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இது இருந்தது.

தயாரிப்பாளர் மீதே நேராகப் போகலாமா? போகலாம். 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் பொருள் பொறுப்பு பற்றிய அத்தியாயம், தயாரிப்பாளர், விற்பனையாளர், சேவை அளிப்பவர் என மூவர் மீதும் புகார் செய்ய இடம் தருகிறது. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளை ஒரு கடைக்காரர் விற்றால், அவரே பொறுப்பேற்க வேண்டி வரலாம். லேபிள் இல்லாத பாட்டில் விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்பெனி அலட்சியமாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டுமா? மே-க்கு அது தேவைப்பட்டது. தொழிற்கூடத்துக்குள் என்ன நடந்தது என்று வெளியில் இருப்பவர் எப்படிக் காட்டுவார்? புதிய சட்டத்தின் 84-வது பிரிவு அந்தச் சுமையைக் குறைக்கிறது. தயாரிப்பில் குறை இருந்தது, அதனால் பாதிப்பு வந்தது என்று காட்ட வேண்டும். அலட்சியத்தைத் தனியாக நிரூபிக்கச் சொல்லி அந்தப் பிரிவு கேட்கவில்லை. அதே சமயம், பொருளைத் தவறாகப் பயன்படுத்தியவருக்கும் மாற்றியமைத்தவருக்கும் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

ஆதாரம்? இதில் இன்றும் கஷ்டம் நமக்குத்தான். பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டால் பாதி கேஸ் போச்சு. மிச்சம் இருக்கும் பானத்தோடு பாட்டிலை அப்படியே மூடி வையுங்கள். லேபிள், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். கடை பில், டாக்டர் சீட்டு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் அறிக்கை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆய்வு தேவை என்றால், மாதிரியை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

காலக்கெடு? பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து கேட்கலாம்.

செலவு? பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். அதில் 5 லட்சம் வரை புகார் கட்டணமே கிடையாது. கணக்கில் எடுப்பது கேட்கும் இழப்பீட்டை அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை. அதனால் 40 ரூபாய் கூல்டிரிங்க்ஸ் விஷயமாகப் புகார் கொடுக்கக் கட்டணம் எதுவும் கட்ட வேண்டாம். வக்கீல் இல்லாமல் நீங்களே ஆஜராகலாம். ஏழை என்று எழுதிக் கொடுத்து, அதற்கு மூன்று பேரிடம் சான்று வாங்கி வர வேண்டிய அவசியமும் இல்லை.